ஆகஸ்ட் 15க்கு ஊருக்கு வர்றியா தம்பி

தம்பி, நேத்து போன்லயே பதில் சொல்லிருப்பேன், தண்ணி மோட்டார் ஓடலன்னு தெரு ஆளுக வந்து வாசல்ல நின்னுட்டாங்க. பஞ்சாயத்து வார்டு மெம்பர் வேலையெல்லாம் போதும், பேசாம உன் மக பாப்பா கூட கபடி மேட்சுக்கு போன்னு லேசா சொல்லிட்ட.

கிராம சபை வர்ற நாளைப் பாரு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எல்லாம் லீவு நாளு. கபடி டோர்னமெண்ட் நடத்துறவங்களும் அதே லீவைத்தான் பிடிக்காங்க. (2022ல மார்ச் 22, நவம்பர் 1ன்னு இன்னும் ரெண்டைச் சேத்துட்டாங்க, அது வேற.) நம்ம ஊருக்கு 200 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும், நான் வார்டுல வீடு வீடா போய் கூப்பிட்டுட்டு இருக்கும்போதுதான் பாப்பா முட்டிக்கு மாட்டுற நீ-கேப்பைக் காணும்னு போன் அடிப்பா.

அதுக்காக விட்டுற முடியுமா? மதுரைப் பக்கம் சித்தி ஊர்ல இந்த 2025 ஜனவரியோட மெம்பர்க பதவிக்காலம் முடிஞ்சு இப்ப அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான், தெருக்குழாய் உடைஞ்சா யார் வீட்டுக் கதவைத் தட்டன்னு தெரியலன்னு புலம்புறா. நம்ம தென்காசிப் பக்கம் 2021 அக்டோபர்லதான் ஓட்டு போட்டோம், அதனால 2026 அக்டோபர் வரைக்கும் பதவி இருக்கு, திட்டுறதுக்காவது நான் இருக்கேன்ல.

எனக்கு நிஜமாவே சங்கடம் அந்த கிரவுண்டு லைட்டுதான். பிள்ளைக ஏழு மணி வரைக்கும் இருட்டுல ரெய்டு போகுதுக, லைட் போடணும்னு நான் வாயத் திறந்தா தன் மகளுக்காக கேக்கான்னு பேச்சு வருது, பேசாம இருந்தா மெம்பரா இருந்து என்னத்துக்குன்னு பாப்பா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுறா. கடைசியில மத்த பிள்ளைகளோட அம்மாமாருகிட்ட சொல்லிட்டேன், நீங்களே சபையில எந்திரிச்சு கேளுங்க, தீர்மானமா எழுத வைங்க, நான் அன்னைக்கு வாயே திறக்கலன்னு. சபையில அவங்க கேக்கது அவங்க உரிமை, நான் கேட்டாத்தான் அது சலுகையாத் தெரியுது.

அது வர்ற ஆகஸ்ட் 15 கூட்டத்துல, அன்னைக்கேதான் பாப்பாவுக்கு மேட்சும். அப்பா கடையை விட்டு நகர மாட்டாரு. வெள்ளிக்கிழமைதான, உனக்கும் மூணு நாள் சேந்தாப்ல லீவு, நீ வந்து அவளைக் கூட்டிட்டுப் போ. டிக்கெட் இப்பவே போட்டுரு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட்ம்ப. வரும்போது நல்ல நீ-கேப் ஒரு ஜோடி வாங்கிட்டு வா, சைஸ் அவகிட்டயே கேட்டுக்கோ, என்கிட்ட கேக்காத.