ஃபேரர் பார்க் திடலும் போர்க்கைதிகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினம் வந்தால் போர்க்கைதிகளைப் பற்றி எழுதுகிறோம், பேசுகிறோம். ஆனால் பேச்சு சாங்கியோடு நின்றுவிடுகிறது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் பேத்தி செய்த பாட வேலையிலும் சாங்கிச் சிறை, செலராங் முகாம், அவ்வளவுதான். “தாத்தா, இந்தியச் சிப்பாய்களை எங்கே வைத்திருந்தார்கள்?” என்று அவள் கேட்டதால்தான் இந்தக் கடிதம்.

1942 பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அதே நாளில் பிரிட்டிஷ் படையில் இருந்த சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். தைப்பூசக் காவடி புறப்படுகிற பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தத் திடல்தான். அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு பிரிட்டிஷ் அதிகாரி போய்விட்டார். ஜப்பானிய அதிகாரி மேஜர் ஃபுஜிவாரா பேசினார், ஜப்பானியர் ஆதரவோடு இந்திய தேசிய ராணுவத்தை அமைத்த கேப்டன் மோகன் சிங் பேசினார். அப்புறம் நீ சூன், பிடாடரி, சிலேத்தார் என்று பல முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இன்று நான் குடியிருக்கும் பிடாடரி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களை நாம் ஓரளவு நினைக்கிறோம். நேதாஜி படம் மாட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சேராமல் கைதியாகவே இருந்தவர்களை யார் பேசுகிறார்கள்? அவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பசியாலும் நோயாலும் அங்கே மடிந்தவர்கள் பலர். சேர்ந்தது சரியா, சேராதது சரியா என்று இன்று உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல எனக்கு மனமில்லை. இரு தரப்பும் நம் மக்கள்தான்.

ஃபேரர் பார்க்கில் வீவக வீடுகள் வரும் என்று 2022இல் அறிவித்தபோது, அந்த இடத்தின் விளையாட்டு வரலாற்றைப் போற்றுவோம் என்றார்கள். நல்லது. அதோடு இந்தக் கைதிகளின் கதையையும் நான்கு மொழிகளிலும் அங்கே எழுதி வைக்க வேண்டும். மாணவர்களை சாங்கி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் இந்தத் திடலிலும் நிற்கலாம். அந்தச் சிப்பாய்களின் கடிதமோ படமோ வைத்திருக்கும் குடும்பங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகுங்கள். கறையான் அரிப்பதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பிடாடரி