அரபு எழுத்தைப் பிய்த்துப் போடாதீர்கள்

பக்க வடிவமைப்பு, காணொளித் துணையுரை, கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கு மென்பொருள் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். அரபும் தமிழும் ஒரே பக்கத்தில் வரும் நூல்களை வடிவமைப்பது என் தொழில். ‘ஸலாம்’ என்ற அரபுச் சொல்லை உங்கள் மென்பொருளில் ஒட்டிப் பாருங்கள். சீன், லாம், அலிஃப், மீம் என்ற நான்கு எழுத்துகளில் முதல் மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும். அதிலும் லாமும் அலிஃபும் பின்னி ஒரே வடிவமாக வேண்டும். அலிஃப் தனக்கு அடுத்த எழுத்தோடு சேராது என்பதால் மீம் மட்டும் தனியே நிற்கும். உங்கள் திரையிலோ நான்கும் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக நிற்கின்றன. வலமிருந்து இடமாகப் படிக்கும் அரபு தெரிந்தவர் அதை ‘மாலஸ்’ என்றுதான் படிப்பார்.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தனி, முதல், இடை, கடை என இடத்துக்கேற்ற வடிவத்தைத் தேரும் விதிகள் ஓப்பன்டைப் என்ற கோப்பு வகையில் அமைந்த எழுத்துருவுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைச் செயல்படுத்த ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல் இருக்கிறது. குரோம், பயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. கெய்ரோவின் புலாக் அச்சகத்து அச்செழுத்தைப் பின்பற்றி காலித் ஹொஸ்னி உருவாக்கிய அமீரி எழுத்துரு காசில்லாமல் கிடைக்கிறது.

இத்தனை இருந்தும் உங்களில் சிலர் குறுக்குவழியில் போகிறீர்கள். பழைய குறியேற்றங்களுக்காக யூனிகோடில் விட்டுவைத்த ஆயத்த வடிவங்களை எடுத்து, வரியைத் திருப்பிப் போட்டுவிடுகிறீர்கள். ஒற்றை வரியில் குட்டு வெளிப்படாது. வரி மடங்கினால் வாக்கியத்தின் முடிவு மேலேயும் தொடக்கம் கீழேயும் போய் உட்காரும். தேடினால் சொல் அகப்படாது.

எழுத்திடைவெளி இன்னொரு வினை. தலைப்புக்கு அழகு சேர்க்கிறேன் என்று அதைக் கூட்டினால் இணைப்பெல்லாம் அறுந்துபோகிறது. அரபில் வரியை நிரப்ப எழுத்தையே இழுத்து எழுதுவார்கள். கஷீதா எனப்படும் அந்த இழுப்பு வளைந்து போகும், எல்லா இணைப்பிலும் வராது. நீங்கள் கண்ட இடத்தில் ஒரு நேர்கோட்டைச் செருகுகிறீர்கள்.

அரபு எழுத்து வழியில் எழுதப்படும் உருதுவின் நஸ்தலீக் பாணியில் சொல் வலப்பக்கம் உயரத்தில் தொடங்கி இடப்பக்கம் சரிந்து இறங்கும். பாகிஸ்தானின் மிர்சா அகமது ஜமீல் ஆயிரக்கணக்கான எழுத்துச் சேர்க்கைகளைக் கையால் எழுதி, 1981இல் நூரி நஸ்தலீக் என்ற கணினி எழுத்துருவைக் கொண்டுவந்தார். அதுவரை உருது நாளிதழ்களைக் காதிபுகள் எனப்படும் எழுத்துக் கலைஞர்கள்தான் கையால் எழுதிவந்தார்கள். (சென்னை திருவல்லிக்கேணியின் உருது நாளிதழ் ‘முஸல்மான்’ அதற்குப் பிறகும் பல்லாண்டு கையெழுத்திலேயே வெளிவந்தது, அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.) இன்று அதே சரிவை ஓப்பன்டைப் விதிகளாலேயே கொண்டுவர முடிகிறது. உங்கள் உரைப்பெட்டியின் உயரமோ லத்தீன் எழுத்துக்கு அளவெடுத்தது. சொல்லின் தலையும் வாலும் வெட்டுப்படுகின்றன.

அரபு இணைப்பை அமைப்புகளின் ஆழத்தில் ஒளித்துவைக்காமல், நிறுவியவுடனேயே இயங்கும்படி செய்யுங்கள். இணையும் எழுத்துகளுக்கு இடைவெளிக் கருவியை முடக்குங்கள். உரைப்பெட்டியின் உயரத்தை எழுத்துருவிடமே கேட்டு வாங்குங்கள். வெளியிடும் முன், அரபும் உருதுவும் அன்றாடம் படிப்பவர் ஒருவரிடம் கூலி கொடுத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நூல் வடிவமைப்பாளர்