சாவகச்சேரியில் எனக்குப் பின்னால் ஹோன் அடித்த தம்பிக்கு

வணக்கம் தம்பி,

போன ஞாயிறு பின்னேரம் சாவகச்சேரிச் சந்தையடியில், ஒரு பழைய வெள்ளை ஆல்ட்டோவுக்குப் பின்னால் விடாமல் ஹோன் அடித்தீர்கள். முந்தும்போது கண்ணாடியை இறக்கி, "அன்ரி, ஓடத் தெரியாட்டி பஸ்ஸில போங்கோ" என்றும் சொன்னீர்கள். அந்த அன்ரி நான்தான். பின் சீற்றில் முருங்கைக்காய்க் கட்டோடு இருந்தது என் அம்மா.

பரந்தனில் இருந்து வந்துகொண்டிருந்தோம். ஆனையிறவு வெளியில் சோளகக் காற்று இடப்பக்கத்தால் காரைத் தள்ளியது. லொறி ஒன்றை முந்தலாம் என்று அக்சிலேற்றரை மிதித்தேன். எஞ்சின் அலறியது, முள் 60ஐ விட்டு அசையவில்லை. கொஞ்சத்தில், ஸ்திரிக்கைப் பெட்டிக்குக் கீழே சீலை கருகினது போல ஒரு மணம். "ஆரோ குப்பை எரிக்கினம்" என்றா அம்மா. எரிந்தது எங்கட கிளச் பிளேட், எஞ்சின் சுற்றைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துகிற தட்டு.

எஞ்சின் சுற்றுகிற சுற்று முழுதாகச் சில்லுக்குப் போகவில்லை. இடையில் பிளேட் வழுக்குகிறது; வழுக்க வழுக்கச் சூடாகும், சூடானால் இன்னும் வழுக்கும். ஏசியை நிறுத்தினேன். ஐந்தாம் கியர் பக்கமே போகாமல் நாலில் போட்டு, முட்டையை மிதிப்பது போல அக்சிலேற்றரை மிதித்து, 40இல் பளை, கொடிகாமம் எல்லாம் தாண்டினேன். நல்லகாலம், எங்கட பக்கத்தில் ஏத்தம் என்று ஒன்று இருந்தால் அது பாலம்தான். இதே கிளச்சோடு கடுகண்ணாவை மலையேத்தத்தில் ஏறச் சொல்லியிருந்தால், காரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

இனி உங்கட ஹோனுக்கு வருகிறேன். முன்னால் மஞ்சள் கடவையில் சனம், அதற்கப்பால் ஆள் ஏற்றுகிற பஸ். கிட்டப் போனால் நிற்க வேண்டும். நின்றால் திரும்ப முதலாம் கியரில் அரைக்கிளச் விட்டு, அதாவது பெடலைப் பாதியில் பிடித்து வழுக்கவிட்டு, எடுக்கவேண்டும். மிச்சம் இருந்த பிளேட்டை அந்த ஒரு எடுப்பே தின்றுவிடும். கிளச்சில் இருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு ஊர்ந்தால் அது தேயாது. அதனால்தான் அவ்வளவு இடைவெளி விட்டு, சனம் கடந்து முடியும் வரை இரண்டாம் கியரில் ஊர்ந்தேன். "என்ன பிள்ளை, கலியாண ஊர்வலமே?" என்று அம்மாவும் கேட்டவ. உங்களுக்கு மட்டும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

நாவற்குழி கழிய, ரவுண் நெரிசலுக்குப் பயந்து செம்மணி றோட்டால் திரும்பி நல்லூருக்கு வந்து சேர்ந்தோம். வீட்டு கேற்றடியில்தான் கார் முற்றாக மறுத்தது. உள்ளே தள்ளியது பக்கத்து வீட்டுப் பெடியள்.

திங்கள் கராஜில் கியர்பொக்ஸை இறக்கி, பிளேட்டைக் கழற்றிப் பேப்பரில் வைத்துக் காட்டினார்கள். கரை கருகின அப்பம் மாதிரி இருந்தது. ரிவிட் தலைகள் வெளியே தெரிந்தன. "அக்கா, காலைக் கிளச்சில வைச்சுக்கொண்டே ஓடுறனியளோ?" என்று கேட்டார் மெக்கானிக். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதமாகவே பெடல் மேலே வந்துதான் பிடித்தது. தெரிந்தும் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆகவே பிழை என்னிலும் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன பிழை அல்ல.

இன்னொன்று, தம்பி. முந்திக்கொண்டு போய்க் கடவையடியில் நீங்கள் பிரேக் அடித்தபோது கண்டனான். உங்கட வான் வண்டியில் இடப்பக்க பிரேக் லைற் எரியவில்லை.