மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கிறேன். கடலில் பாசி எடுப்பது தொழில். போன மீன்பிடித் தடைக்காலத்தில் என் மூத்த மகளுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தார்கள். நாலாம் நாள் ஆகியும் பால் சரியாக இறங்கவில்லை. பிள்ளை வாய் வைத்து வைத்து அழுகிறது, அவளும் அழுகிறாள். வார்டில் கேட்டால் 'வரும்மா, வரும்' என்பதோடு சரி. நான் பால் சுறா தேடி அலைந்தேன், பூண்டு உரித்தேன். மார்பு கல்லாக இருக்கிறதே என்று அழுத்திப் பிசைந்தும் விட்டேன். அப்படிச் செய்யவே கூடாதாம், உள்ளே இன்னும் வீங்கிவிடுமாம். அவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டது இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் பார்க்க வந்த கிராம செவிலியர் மார்பைத் தொடவே இல்லை. மகளை உட்காரவைத்து, முன்னால் ஸ்டூலில் தலையணை போட்டு, கைகளை மடக்கி அதில் தலை சாய்க்கச் சொன்னார். இரண்டு கையையும் மூடி, கட்டைவிரலை மட்டும் நீட்டி, முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பு வரை சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து இறக்கினார். இரண்டு மூன்று நிமிடம்தான். பிள்ளை சப்பச் சப்பப் பால் ஊறும். ஊறினதை வெளியே தள்ளுவது உடம்பில் சுரக்கிற ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயமும் வலியும் அதை மறித்துவிடும், முதுகைத் தேய்த்தால் உடம்பு இளகும் என்றார்.

பாறை கிழித்த என் விரல் அவளுக்குக் குத்தியது. மாப்பிள்ளை மீன்பிடி போட்டுக்குப் போகிறவர். தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தார். தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும் முன்னாலும் அவரே தேய்த்துவிட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் நைட்டி முன்பக்கம் நனைந்துவிட்டது. தேய்த்ததால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ராத்திரியும் பகலுமாகப் பிள்ளையைச் சப்ப வைத்ததும் சேர்ந்துதான். ஆனால் அதுவரை பயந்து விறைத்திருந்த என் மகள், அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். (மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.)

பிரசவ வார்டில் ஆண்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சரி, உள்ளே விட வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்காவது புருஷனையோ தாயையோ கூப்பிட்டு, இந்தத் தேய்ப்பை ஒரு தடவை செய்து காட்டுங்கள். என் இளைய மகளுக்கு ஐப்பசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அவள் மாப்பிள்ளைக்கு இப்போதே என் முதுகில் பழக்கிக்கொண்டிருக்கிறாள் மூத்தவள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சின்னப்பாலம், பாம்பன்.