இரண்டு பெருக்கிகளுக்கும் ஒரே அளவுத்தாள்

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியர், ரோஸ் ஹில், மொரீசியஸ்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: 1420 மெகாஹெர்ட்ஸ் குறை இரைச்சல் பெருக்கிகள் இரண்டை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். பால்வீதியின் ஹைட்ரஜன் வாயு 1420 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் மெல்லிய ரேடியோ அலையை என் மாணவர்களோடு பிடிப்பதற்காக, கையேட்டைத் தமிழிலும் அச்சிடுகிற நிறுவனம் என்ற பாசத்தில்தான் ஏப்ரலில் இந்தப் பெருக்கிகளை உங்களிடம் வாங்கினேன். ஆகவே புகாரும் தமிழிலேயே வருகிறது.

'ஒவ்வொன்றும் தனித்தனியே அளந்து அனுப்பப்படுகிறது' என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருந்த இரண்டு அளவுத்தாள்களிலும் இரைச்சல் எண் (பெருக்கி தானே கூட்டும் இரைச்சலின் அளவு; குறைவாக இருப்பதே நல்லது) 0.41 டெசிபெல், பெருக்கம் 19.37 டெசிபெல். வரிசை எண்ணை மட்டும் பேனாவால் மாற்றி எழுதியிருக்கிறீர்கள். இரட்டைப் பிள்ளைகளுக்கே கைரேகை ஒன்றாக இருப்பதில்லை.

சந்தேகம் வந்ததும், நண்பரின் ஆய்வகத்திலிருந்து, அளவு தெரிந்த இரைச்சலை எழுப்பும் கருவியான 15 டெசிபெல் 'இரைச்சல் மூலம்' ஒன்றை இரவல் வாங்கி வந்து அளந்தேன். பின்னால் வரும் ரிசீவரின் இரைச்சல் கணக்கில் கலந்துவிடாதபடி நடுவில் இன்னொரு பெருக்கியையும் வைத்தேன். கைபேசிகளை அணைத்தேன். உங்கள் தாள் உண்மையானால், மூலத்தை இயக்கும்போதும் அணைக்கும்போதும் கிடைக்கும் திறன்களுக்கிடையே 14.7 டெசிபெல் வேறுபாடு வந்திருக்க வேண்டும். ஒன்றில் 14.0, மற்றதில் 13.8தான் வந்தது. அதாவது இரைச்சல் எண் சுமார் 1.2, 1.4. இரைச்சலை வெப்பநிலையாகச் சொன்னால், உங்கள் 0.41 டெசிபெல் 30 கெல்வினுக்கும் குறைவு. எனக்குக் கிடைத்ததோ 90 கெல்வினும் அதற்கு மேலும்.

ஒரு பெருக்கியின் மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியால் பார்த்தேன். விளம்பரப் படத்தில் உள்ளீட்டுப் பக்கம் பளபளக்கும் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. வந்த பலகையில் அதே இடத்தில் எள்ளளவு கறுப்புச் சில்லு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கம்பிச் சுருளைவிட அத்தகைய சில்லில் சமிக்ஞை அதிகம் இழக்கப்படும்; உள்ளீட்டில் ஆகும் இழப்பைப் பின்னால் எத்தனை மடங்கு பெருக்கினாலும் மீட்க முடியாது. அறை வெப்பநிலையில் 0.1 டெசிபெல் இழப்புக்குச் சுமார் 7 கெல்வின் கூடும். சில்லைக் கழற்றிவிட்டு எனாமல் பூசிய செம்புக் கம்பியில் நானே ஒரு சுருள் சுற்றிப் பற்றவைத்தேன். வேறுபாடு 14.6க்கு ஏறியது, இரைச்சல் எண் சுமார் 0.55. மேசை விளக்கடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரால் முடிந்தது இது.

முதல் மின்னஞ்சலுக்கு, "60 கெல்வின் கூடினால் நடைமுறையில் தெரியாது" என்று பதில் வந்தது. எங்கள் தீவின் பிரா தோவில் உள்ள ரேடியோ தொலைநோக்கி 151.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அந்த அலைவரிசையில் வானமே நூற்றுக்கணக்கான கெல்வின் இரைச்சல் போடும்; அங்கே உங்கள் பதில் ஓரளவு செல்லும். 1420இல், பால்வீதித் தளத்தை விட்டு விலகினால், வானம் 10 கெல்வினுக்கும் குறைவு. தரையிலிருந்து கசிவதையும் சேர்த்தால் என் ரிசீவர் அமைப்பின் மொத்த இரைச்சல் சுமார் 70 கெல்வினில் நிற்க வேண்டியது, 130ஐத் தாண்டுகிறது. தேவைப்படும் நேரம் இரைச்சலின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அதே தெளிவுக்கு மூன்று மடங்குக்கும் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். பால்வீதியின் மையம் எங்களுக்கு உச்சியிலிருந்து 9 டிகிரி மட்டுமே தெற்கே கடந்து போகிறது, ஜூனில் நள்ளிரவை ஒட்டி. அந்த ஜூனை என் மாணவர்கள் உங்கள் பெருக்கியோடு மல்லுக்கட்டியே கழித்தார்கள்.

இரண்டாம் பதில் இன்னும் அழகு: மூடியைத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாதாம். மற்றொரு பெருக்கியின் முத்திரை இன்றும் உடையவில்லை, ஐயா. 1.4 காட்டுவது அதுதான்.

படத்தில் உள்ள சுருளோடு இரண்டு பெருக்கிகளை மாற்றி அனுப்புங்கள். அளவுத்தாளில் அளந்த நாள், அறை வெப்பநிலை, இரைச்சல் மூலத்தின் அளவு மூன்றும் இருக்கட்டும். முடியாவிட்டால் விலை, அஞ்சல் செலவு, நான் இங்கே கட்டிய சுங்க வரி எல்லாவற்றையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள்.

இரு தாள்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். கழற்றிய கறுப்புச் சில்லைக் கடிதத்தின் அடியில் ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறேன். உறையைக் கவனமாகப் பிரியுங்கள், உதிர்ந்தால் கண்ணுக்கு அகப்படாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்