கீமோ ஏற்றும் முன் கொஞ்சம் கேளுங்கள்: அரசு மருத்துவமனைப் புற்றுநோய்ப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவை நடத்தும் மருத்துவர்களுக்கும், கேஸ் ஷீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு கீமோவுக்கு முன்னாலும் ரத்தம் எடுக்கிறீர்கள். வெள்ளணு எவ்வளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் மருந்து ஏறும், சரியில்லை என்றால் "அடுத்த வாரம் வாங்க". அது வேண்டியதுதான். ஆனால் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் அந்த ஆள் தூங்கினாரா, சோறு இறங்கியதா, மலச்சிக்கலில் தவித்தாரா, வீட்டில் யாரோடாவது முகம் கொடுத்துப் பேசினாரா என்பதற்கெல்லாம் பெரும்பாலும் அந்தத் தாளில் இடமே இல்லை. நடமாட்டத்தைக் குறிக்க 0 முதல் 4 வரை ஒரு எண் இருக்கும், அதையும் போடுவது நீங்கள்தான், நோயாளி இல்லை.

கேட்கிறோமே என்பீர்கள். கேட்கிறீர்கள், மறுக்கவில்லை. "எப்படிம்மா இருக்கீங்க?" "பரவாயில்லைங்க டாக்டர்." பின்னால் அவ்வளவு பெரிய வரிசை நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்? பல நேரம் பதில் சொல்வதே கூட வந்த மகனோ கணவரோதான். இன்னொன்றும் இருக்கிறது, வார்டில் எல்லோருக்கும் தெரிந்தது, உங்களிடம் மட்டும் சொல்லமாட்டார்கள்: தொந்தரவு இருக்கிறது என்று வாயைத் திறந்தால் ஊசியைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், அதற்குள் நோய் ஏறிவிடும் என்ற பயம். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றிய மாதங்களில் விரல் மரத்துப் போய் ஜாக்கெட் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிடுவாள், டாக்டரிடம் மூச்சு விடமாட்டாள்.

கேள்விகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் உருவாகி 1993-ல் வெளிவந்த க்யூ.எல்.க்யூ. சி30 என்ற கேள்வித்தாள் தமிழிலேயே இருக்கிறது. 30 கேள்விகள், பெரும்பாலும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. உடுத்தவும் குளிக்கவும் யாராவது உதவ வேண்டியிருக்கிறதா, வலி அன்றாட வேலையைக் கெடுக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா, சிகிச்சையால் பணக் கஷ்டமா என்றுகூட ஒரு கேள்வி. (காப்பீட்டு அட்டை இருந்தாலும் பஸ் செலவு, கூட வருகிறவரின் கூலி இழப்பு எல்லாம் நம் தலையில்தான்.) விரல் மரத்துப் போவது அந்த முப்பதில் இல்லை, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு வாய் வறட்சி, விழுங்குதல், வாயை அகலத் திறத்தல் பற்றித் தனியே 35 கேள்விகள் உண்டு.

எனக்குக் கோபம் வருவது எதில் என்றால், இதே தாளை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டுக்காக நோயாளிகளிடம் நிரப்பி வாங்குவது உண்டு. எண்ணாகக் கூட்டி அட்டவணை போட்டதும் கட்டு பீரோவுக்குள் போய்விடும். அதில் "மிகவும் அதிகம்" என்று டிக் அடித்த பெண்ணை மறுநாள் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரியவே தெரியாது.

நேரம் இல்லை என்பதுதான் உங்கள் முதல் பதிலாக இருக்கும். இங்கிலாந்தின் லீட்ஸில் 286 நோயாளிகளிடம் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: தொடுதிரையில் நிரப்பிய பதில்களை மருத்துவர் கையில் கொடுத்தார்கள், நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, ஆனால் ஒருவரைப் பார்க்க ஆகும் நேரம் கூடவில்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 766 பேரிடம் நடந்த ஆய்வில், தொந்தரவுகளைத் தாங்களே பதிவு செய்து, கடுமையானபோது நர்ஸுக்குத் தகவல் போன குழுவினரின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். இதை வைத்து "ஆயுள் கூடும்" என்று நான் கூவப் போவதில்லை, எல்லா ஆய்விலும் அப்படி வரவில்லை. அவசரப் பிரிவுக்கு ஓடுவது குறைந்தது, கீமோவைக் கூடுதல் காலம் தாங்க முடிந்தது, எனக்கு அதுவே போதும்.

நம் ஊரில் தொடுதிரையெல்லாம் வேண்டாம். ரத்த ரிப்போர்ட்டுக்காக எப்படியும் மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், அப்போது ஒரு தாள் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சிஸ்டர் வாசித்துக் காட்டட்டும், உறவினர் பக்கத்தில் வேண்டாம், மாமியார் முன்னால் எந்தப் பெண் தன் மனச்சோர்வைப் பற்றிச் சொல்வாள்? முப்பதும் அதிகம் என்றால் பத்துக் கேள்வி போதும். வீட்டுக்குத் திரும்பிய பிறகு கேட்கவும் ஆள் இருக்கிறார்கள்: 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு கவனிப்புக்காக ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். கீமோ நடக்கும்போதே அவர்கள் வந்து கேட்டு, பதிலை மருத்துவமனைக்கு அனுப்பினால் என்ன?

முதலில் ஒரே ஒரு டே கேர் வார்டில் ஆரம்பியுங்கள். ஆனால் ஒருவர் வலிக்கு 4, அதாவது "மிகவும் அதிகம்" என்று போட்டால் அன்றைக்கே அவரை யார் பார்ப்பது, மார்ஃபின் யார் எழுதுவது, மனநல ஆலோசகரிடம் யார் கூட்டிப் போவது என்று பெயரோடு எழுதிவையுங்கள். அது முடிவாகும் வரை தாளை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
கீமோ வார்டு பெஞ்சில் காத்திருக்கும் ஒரு தங்கை