அப்பாவின் காலை நடை

பெங்களூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. கோபிக்காதே. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அதனால் மன்னார்குடியிலேயே இருந்துவிட்டேன். வலது கண் முடிந்தது, பளிச்சென்று தெரிகிறது என்கிறார். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். சுகந்தி பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை யார் என்று அவளே உன்னிடம் சொல்வாள், நான் முந்திக்கொண்டால் என்னைக் கொன்றுவிடுவாள்.

நீ கேட்ட விஷயத்துக்கும் இந்த ஆபரேஷனுக்கும் தொடர்பு இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். ஹாஸ்டலில் என் நோட்டைப் படித்த மாதிரி நடுவில் தாண்டித் தாண்டி ஓடாதே.

கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார், சிங்கப்பூரில் உனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவருடைய போனை வைத்தே அவர் வழக்கம்போல இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்டிருந்தாய். முடியும். இந்த யோசனை ஸ்மார்ட்போனுக்கும் முந்தியது. 1996-ல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் ஒரு வயதான தாயும் நோயாளி மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள். பல நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சம்பவம் உலுக்கியதில், ஜோஜிருஷி நிறுவனம் 2001-ல் ஒரு மின்சார வெந்நீர்ப் பானையைக் கொண்டுவந்தது. பெரியவர் எப்போது டீக்குத் தண்ணீர் பிடித்தார் என்ற தகவல் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போய்விடும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். கேமரா கிடையாது, டீ போட்டாரா என்பது மட்டும்தான்.

போனில் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்காரர்கள். 2004-ல் மாணவர்கள், ஊழியர்கள் என்று சுமார் நூறு பேருக்கு நோக்கியா போன் கொடுத்து மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். அங்கே ஆராய்ச்சி செய்த நேதன் ஈகிளும் அலெக்ஸ் பென்ட்லாண்டும் அதிலிருந்து கண்டுபிடித்தது இதுதான்: ஒருவருடைய நாட்களை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தால், ஆறு அடிப்படை வடிவங்களைக் கூட்டிக் குறைத்தே பெரும்பாலான நாட்களை வரைந்துவிடலாம். அந்த ஆறில் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்பதுதான் மாறுபட்ட நாள். யாரோ நூறு பேரின் சராசரியோடு ஒப்பிடக் கூடாது, அவரவர் நாளை அவரவர் நாட்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மாசியில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். எத்தனை அடி நடந்தார், திரையை எப்போது திறந்தார், எப்போது சார்ஜில் போட்டார், அவ்வளவுதான் எடுப்பேன் என்றேன். "எடுத்துக்கோ, என்கிட்ட மறைக்க என்ன இருக்கு" என்றார். ஆனால் ஒன்று, போன் அளப்பது போனைத்தான், ஆளை இல்லை. வெளியே கிளம்பும்போது சட்டைப் பையில் போடுகிறார், அந்த நடை துல்லியமாக வந்துவிடும். வீட்டில் துண்டோடு இருக்கும்போது போன் டிவி பக்கத்து ஸ்டூலில் கிடக்கும். அப்போது அவர் தோட்டம் முழுக்கச் சுற்றினாலும் கணக்கில் பூஜ்யம். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டே பதிவை நிறுத்திவிடுவதும் உண்டு. அடி எடுத்து வைக்காத நாளையும் தகவலே வராத நாளையும் வேறு வேறாகப் பிரித்துவைக்கவில்லையென்றால் வீண் பதற்றம்தான்.

பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று நடை எங்கேயோ ஏறிவிட்டது. அத்தை வந்து தங்கிய வாரத்தில் காலையில் வெளியே போகவே இல்லை, இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மாறுபட்ட நாள் என்றால் கெட்ட நாள் என்று அர்த்தமில்லை, அதை மனதில் வை.

என்னை உண்மையில் உலுக்கியது அப்படித் தனியாகத் தெரியும் நாட்கள் இல்லை, கலா. அப்பா விடியும் முன்னே கிளம்பி ஹரித்ரா நதிக் குளத்தை ஒரு முழுச் சுற்று வருவார், உனக்குத் தெரியும். ஐப்பசி வாக்கில் அது குறைய ஆரம்பித்தது. வாரத்துக்குக் கொஞ்சம், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளையும் அதற்கு முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடும்படி நான் போட்டுவைத்திருந்த கணக்கு வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அவர் குறையக் குறைய அந்த அளவுகோலும் கூடவே இறங்கிக்கொண்டு வந்தது. மெதுவாக வரும் எந்தத் தளர்ச்சியும் அந்தக் கண்ணில் படாது. இதற்காகவே போன வருஷம் பங்குனி, சித்திரை நாட்களை மாற்றாமல் இன்னொரு அளவுகோலாக வைத்திருந்தேன். அதன்படி பார்த்தால் நடை பாதிக்கும் கீழே. கிளம்பும் நேரமும் ஐந்தே காலிலிருந்து ஏழை நெருங்கிவிட்டது. முட்டி வலியாக இருந்தால் தூரம் குறையலாம், நேரம் ஏன் தள்ளிப்போக வேண்டும்?

பொங்கலுக்குப் போனபோது கணக்கு எதையும் எடுக்காமல் சாதாரணமாகத்தான் கேட்டேன். "கொஞ்சம் வெளுத்தப்புறம் போறேம்மா, படி சரியாத் தெரியல" என்றார். சொல்லும்போது காப்பி டம்ளரைக் கீழே வைக்க மேஜை விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மறுநாளே தஞ்சாவூர் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. எதிலோ மாற்றம் என்று மட்டும்தான் போன் சொன்னது. காரணம் அப்பா வாயிலிருந்துதான் வந்தது.

மனநோய் மருத்துவத்திலும் இதை முயன்றிருக்கிறார்கள். 2018-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் மனச்சிதைவு உள்ள 17 பேரின் போன் தகவலைப் பார்த்தார்கள். நோய் திரும்புவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நடத்தை மாற்றங்கள் மற்ற நேரத்தைவிட 71 சதவீதம் கூடுதலாக இருந்தன. 17 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் ஒரு நாளைப் பார்க்காதே, சேர்ந்தாற்போல் வரும் நாட்களைப் பார் என்பது எனக்கு அதில் கிடைத்த பாடம். அப்பா விஷயத்திலும் அதுதானே நடந்தது.

இப்போது உன் அம்மா. இருக்கும் இடத்தைப் பதிவு செய்யாதே. 15 லட்சம் பேரின் போன் தடங்களை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. பெயரை நீக்கியிருந்தாலும், எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம். வங்கிக்குப் போனாரா, டாக்டரிடம் போனாரா, உன் அண்ணனிடம் சொல்லாமல் சித்தி வீட்டுக்குப் போனாரா என்பதெல்லாம் அவருடைய விஷயம். உன் அண்ணனைத் தெரியாதா எனக்கு? கையில் கிடைத்தால் தினமும் போன் செய்து விசாரணை நடத்துவான்.

மாறுதல் தெரிந்தால் தகவல் முதலில் அம்மாவுக்கே போகட்டும். "இன்று காலை போனைத் தொடவில்லையே, சௌக்கியமா?" என்று அவரிடமே கேட்கட்டும். பதில் இல்லையென்றால் கீழ் வீட்டு மாமிக்கு, அப்புறம்தான் உனக்கு. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நீ பதறி என்ன செய்துவிட முடியும்? மாமி மாடியேற இரண்டு நிமிஷம் போதும். அம்மா வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடு, கெஞ்சாதே, அழாதே. உன் அழுகைக்கு அவர் சம்மதித்துவிடுவார், அது சம்மதம் ஆகாது.

சரி என்றால் எனக்கு எழுது. போனை வீட்டில் எங்கே வைப்பார், இடுப்பில் செருகுவாரா, ஃபிரிட்ஜ் மேலே போட்டுவிடுவாரா என்று கேட்டுச் சொல். எதை அளப்பது என்பதே அதைப் பொறுத்ததுதான். கண் டாக்டரிடம் அவர் கடைசியாக எப்போது போனார் என்பதையும் கேள்.

அப்பா உன்னை விசாரித்தார். ஊருக்கு வரும்போது மன்னார்குடிக்கு வராமல் ஓடிவிடாதே.

அன்புடன்,
வசந்தி